ஏ.என்.ஏ. டெஸ்ட் 'பாசிட்டிவ்' வந்தா லூபஸா? ஆன்டிபாடி ரத்தப் பரிசோதனை சொல்வது என்ன, சொல்லாதது என்ன?

2022 அக்டோபர் மாதக் கடைசி. 'யசோதா' பட டிரெய்லர் வெளியாகியிருந்த நேரம். கையில் டிரிப்ஸ் ஏற, மைக் முன்னால் உட்கார்ந்திருக்கும் படம் ஒன்றை நடிகை சமந்தா இன்ஸ்டாகிராமில் பகிர்ந்தார். தனக்கு மயோசைட்டிஸ் என்ற ஆட்டோ இம்யூன் பாதிப்பு இருப்பதாக அதில் சொல்லியிருந்தார். அது என்ன நோய் என்று அன்றைக்குத் தேடிப் பார்த்தவர்களில் நானும் ஒருத்தி.

இன்றைக்கு 'ஆட்டோ இம்யூன்' என்ற வார்த்தை நமக்குப் பழகிவிட்டது. மூட்டு வலி, முடி கொட்டுது, எப்பவும் அசதியா இருக்கு என்று போனால், "ஒரு ஏ.என்.ஏ. எடுத்துப் பார்த்துடலாம்" என்கிறார்கள். டாக்டர் எழுதாமலே, ஹெல்த் செக்கப் பேக்கேஜோடு சேர்த்து எடுத்துக்கொள்பவர்களும் உண்டு. சாயங்காலம் வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் வருகிறது. தடித்த எழுத்தில் 'பாசிட்டிவ்'. டாக்டர் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதோ மூணு நாள் கழித்துத்தான். அந்த மூணு நாளும் கூகுள் காட்டுவது ஒரே வார்த்தை: லூபஸ்.

இந்தக் கட்டுரை அந்த மூணு நாளுக்கானது.

இந்த டெஸ்ட் எதைத் தேடுகிறது?

கிருமி உள்ளே வந்தால் அதை அடையாளம் கண்டு ஒட்டிக்கொள்ள நம் உடல் தயாரிக்கும் புரதம்தான் ஆன்டிபாடி. தமிழில் எதிர்ப்பொருள், பிறபொருளெதிரி என்றெல்லாம் சொற்கள் இருக்கின்றன. ஆனால் உங்கள் கையில் இருக்கும் ரிப்போர்ட்டில் ஆன்டிபாடி என்றுதான் இருக்கும் என்பதால் இங்கேயும் அப்படியே.

சில நேரம் இந்த ஆன்டிபாடி ஆள் மாறிப்போய், நம் உடம்பின் சொந்தப் பாகங்களையே பிடித்துக்கொள்கிறது. நம் செல்லின் உட்கருவில் உள்ள பொருட்களைக் குறிவைக்கும் ஆன்டிபாடிகளுக்கு மொத்தமாக வைத்த பெயர்தான் ஆன்டி நியூக்ளியர் ஆன்டிபாடி, சுருக்கமாக ஏ.என்.ஏ. ஆக, ஏ.என்.ஏ. என்பது ஒரு நோயின் பெயர் இல்லை. ஒரே ஒரு ஆன்டிபாடியின் பெயரும் இல்லை. ஒரு கூட்டத்துக்கே வைத்த பெயர்.

இதன் கதை 1948இல் தொடங்குகிறது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் மால்கம் ஹார்கிரேவ்ஸ் என்ற மருத்துவரும் அவரது குழுவினரும், லூபஸ் நோயாளிகளின் எலும்பு மஜ்ஜையில் ஒரு விநோதமான செல்லைப் பார்த்தார்கள். ஒரு வெள்ளையணு இன்னொரு செல்லின் உட்கருவை விழுங்கி வைத்திருந்தது. அதற்கு எல்.இ. செல் என்று பெயர் வைத்தார்கள். அதற்குக் காரணம் உட்கருவைத் தாக்கும் ஆன்டிபாடி என்பது பிறகு தெரியவந்தது. அந்த ஆன்டிபாடியை ஒளிரவைத்துப் பார்க்கும் முறை 1950களின் கடைசியில் வந்தது. இன்றுவரை லேப்களில் அடிப்படையான முறை அதுதான்.

1:80, 1:160 என்றெல்லாம் போட்டிருக்கே, அது என்ன?

லேபில் நடப்பது இதுதான். ஒரு கண்ணாடி ஸ்லைடில் ஹெப்-2 என்ற மனித செல்களை ஒட்டவைத்திருப்பார்கள். உங்கள் ரத்தத்தின் சீரத்தை அதன்மேல் விடுவார்கள். உட்கருவைப் பிடிக்கும் ஆன்டிபாடி உங்கள் சீரத்தில் இருந்தால், போய் ஒட்டிக்கொள்ளும். கழுவிவிட்டு, ஒளிரும் சாயம் கோத்த இன்னொரு ஆன்டிபாடியை விடுவார்கள். அது முதலாவதன்மேல் ஒட்டும். மறுபடி கழுவி, இருட்டறையில் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் உட்கரு பச்சையாக மின்னும். மின்னினால் பாசிட்டிவ்.

ஆனால் சீரத்தை அப்படியே விடுவதில்லை, நீர்த்துத்தான் விடுவார்கள். ஒரு டம்ளர் மோரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை டம்ளர் தண்ணீர் வரை புளிப்பு நாக்கில் தெரிகிறது? அதே கணக்குதான். 1:80 என்றால், 80 மடங்கு நீர்த்த பிறகும் ஒளிர்வு தெரிந்தது என்று அர்த்தம். 1:640 என்றால் 640 மடங்கு நீர்த்தும் தெரிகிறது, அதாவது ஆன்டிபாடி நிறைய இருக்கிறது. சில லேப்கள் 1:40இல் தொடங்கும், சில 1:80இல், சில 1:100இல். அதனால்தான் ஒரே ரத்தம் ஒரு லேபில் 'நெகட்டிவ்', இன்னொரு லேபில் 'வீக் பாசிட்டிவ்' என்று வர வாய்ப்பு இருக்கிறது. கடைசியில் அதைக் கண்ணால் பார்த்துச் சொல்வதும் ஒரு மனிதர்தான் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஆக, 'பாசிட்டிவ்' என்ற ஒற்றை வார்த்தையை மட்டும் பார்த்தால் பாதி ரிப்போர்ட்டைப் படித்த மாதிரிதான். பக்கத்தில் உள்ள எண்ணும் அதற்குக் கீழே உள்ள 'பேட்டர்ன்' என்ற வரியும் முக்கியம். உட்கரு முழுக்க ஒரே சீராக ஒளிர்கிறதா, புள்ளி புள்ளியாகவா, நடுவில் மட்டுமா என்பதைத்தான் பேட்டர்ன் சொல்கிறது. அடர்த்தியான நுண்புள்ளி என்றொரு வகை இருக்கிறது. அது மட்டும் தனியாக வந்தால், ஆரோக்கியமானவர்களிடமே அதிகம் பார்க்கப்படும் வகை என்று டாக்டர்கள் கொஞ்சம் நிம்மதி அடைவார்கள்.

ஆயிரம் பேரை வைத்து ஒரு கணக்கு

1997இல் பல நாடுகளைச் சேர்ந்த 15 லேப்கள் சேர்ந்து ஓர் ஆய்வு செய்தன. 20 முதல் 60 வயது வரையிலான, எந்த நோயும் இல்லாத ஆரோக்கியமானவர்களின் ரத்தத்தில் ஏ.என்.ஏ. இருக்கிறதா என்று பார்த்தார்கள். வந்த முடிவு: 1:40இல் 31.7 சதவீதம் பேர் பாசிட்டிவ். 1:80இல் 13.3 சதவீதம். 1:160இல் 5 சதவீதம். 1:320இல்கூட 3.3 சதவீதம்.

நோயே இல்லாதவர்களில், 1:40இல் மூணு பேருக்கு ஒருத்தர்!

இதை வைத்து ஒரு கணக்குப் போடலாம். 1000 பேர் சும்மா செக்கப்புக்காக ஏ.என்.ஏ. எடுக்கிறார்கள். அதில் ஒருவருக்கு லூபஸ் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1:80இல் பார்த்தால் அந்த ஒருவர் பாசிட்டிவ். கூடவே மீதி 999 பேரில் சுமார் 133 பேரும் பாசிட்டிவ். மொத்தம் 134 பிடிஎஃப்களில் 'பாசிட்டிவ்' என்று வரும். அதில் 133 பேர் அந்த மூணு நாளும் காரணமே இல்லாமல் தூக்கம் கெட்டவர்கள்.

இப்போது இன்னொரு கூட்டம். கன்னத்தில் சிவப்புத் தடிப்பு, மூட்டு வீக்கம், யூரினில் புரோட்டீன் போகுது என்று வந்த 100 பெண்கள். டாக்டர் பரிசோதித்துவிட்டு ஏ.என்.ஏ. எழுதுகிறார். இவர்களில் 30 பேருக்கு லூபஸ் என்று வைத்துக்கொள்வோம். அந்த 30 பேரும் பாசிட்டிவ், மீதி 70 பேரில் சுமார் 9 பேரும் பாசிட்டிவ். 39 பாசிட்டிவில் 30 பேருக்கு நிஜமாகவே நோய்.

அதே டெஸ்ட், அதே லேப், அதே 1:80. மாறியது, டெஸ்டுக்கு முன்னால் டாக்டர் கேட்ட கேள்வி மட்டும்தான். பேக்கேஜில் ஏ.என்.ஏ.வைச் சேர்ப்பதில் எனக்குள்ள ஆட்சேபமும் இதுதான். அங்கே கேள்வி கேட்க யாரும் இல்லை.

லூபஸ் இல்லாமல் ஏ.என்.ஏ. பாசிட்டிவ் வர வேறு காரணங்களும் உண்டு. ஆட்டோ இம்யூன் தைராய்டு பிரச்சினை, கல்லீரல் நோய்கள், சில தொற்றுகள், வயதாவது. டிபிக்குக் கொடுக்கும் ஐசோனியாசிட் போன்ற சில மாத்திரைகளாலும் வரலாம். அதனால் இப்போது சாப்பிடும் மருந்து எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். குடும்பத்தில் யாருக்காவது ஆட்டோ இம்யூன் நோய் இருந்தாலும் சொல்லுங்கள்.

அப்போ இந்த டெஸ்ட் வேஸ்ட்டா?

இல்லவே இல்லை. இந்த டெஸ்டின் பலம் நெகட்டிவ் வரும்போதுதான் தெரியும். லூபஸ் உள்ளவர்களில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் ஏ.என்.ஏ. பாசிட்டிவாக இருக்கும். அதனால் நெகட்டிவ் வந்தால் லூபஸ் என்ற சந்தேகம் பெரும்பாலும் தள்ளிப்போகும். 2019இல் அமெரிக்க, ஐரோப்பிய மூட்டுநோய் அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட லூபஸ் வரையறையில், ஏ.என்.ஏ. 1:80 அல்லது அதற்கு மேல் இருப்பது நுழைவுச் சீட்டு மாதிரி. அது இருந்தால்தான் அடுத்த கட்டத்துக்கே போவார்கள். உள்ளே போன பிறகு காய்ச்சல், தோல், மூட்டு, கிட்னி, ரத்த அணுக்கள் என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி போடுவார்கள். 10 புள்ளி சேர வேண்டும். ஏ.என்.ஏ.வுக்கு என்று அதில் ஒரு புள்ளிகூடக் கிடையாது!

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. 2003இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்க ராணுவத்தில் இருந்து பிற்பாடு லூபஸ் வந்த 130 பேரின் பழைய ரத்த சாம்பிள்களைத் தேடி எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் 115 பேருக்கு, நோய் என்று கண்டுபிடிப்பதற்கு முன்பே ஏதாவது ஓர் ஆன்டிபாடி ரத்தத்தில் இருந்தது. சிலருக்கு 9 வருடத்துக்கும் முன்னால்!

இதைப் படித்துவிட்டு, "அப்போ எனக்கும் பின்னாடி வருமா?" என்று கேட்பீர்கள். மேலே உள்ள கணக்கைத் திரும்பப் பாருங்கள். பாசிட்டிவ் வந்த பெரும்பாலோருக்கு நோய் வருவதில்லை. அறிகுறி இல்லாமல் பாசிட்டிவ் மட்டும் வந்தவர்களுக்கு டாக்டர்கள் வழக்கமாகச் சொல்வது, "புதுசா ஏதாவது தெரிஞ்சா வாங்க" என்பதுதான். இதற்கென்று மாத்திரை கிடையாது. மாசா மாசம் ஏ.என்.ஏ.வைத் திரும்ப எடுப்பதாலும் பயன் இல்லை. 1:160, 1:320 ஆனது என்று நோய் கூடிவிட்டதாக அர்த்தம் கிடையாது.

ரோ, லா, ஜோ-1: ரிப்போர்ட்டில் இருக்கும் ரகசிய எழுத்துகள்

ஏ.என்.ஏ. பாசிட்டிவ், அறிகுறியும் ஒத்துப்போகிறது என்றால், அடுத்து 'ஏ.என்.ஏ. ப்ரொஃபைல்' எடுக்கச் சொல்வார்கள். கூட்டத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று தனித்தனியாகப் பெயர் கேட்பது இது. ரிப்போர்ட் பார்க்க ஏதோ சங்கேத மொழி மாதிரி இருக்கும். அதில் ரோ, லா, எஸ்எம், ஜோ-1 ஆகியவை எல்லாம், அந்த ஆன்டிபாடி முதலில் கண்டுபிடிக்கப்பட்ட நோயாளிகளின் பெயரிலிருந்து எடுத்த எழுத்துகள்.

டிஎஸ்-டிஎன்ஏ, எஸ்எம் ஆகிய இரண்டும் லூபஸை வலுவாகக் காட்டுபவை. டிஎஸ்-டிஎன்ஏ மட்டும் நோயின் வேகத்தோடு சேர்ந்து பலருக்கு ஏறி இறங்கும். கிட்னி பாதிப்போடும் அதற்குத் தொடர்பு உண்டு. அதனால் அதைத் திரும்பத் திரும்ப எடுப்பதில் அர்த்தம் இருக்கிறது. எஸ்சிஎல்-70, சென்ட்ரோமியர் இரண்டும் தோல் இறுகும் ஸ்கிளீரோடெர்மா நோய்க்கானவை. கண்ணும் வாயும் வறண்டுபோகும் ஷோகிரன் நோயில் ரோ, லா வரும்.

ஜோ-1 வருவது மயோசைட்டிஸில். இங்கே ஒரு சிக்கல். ஜோ-1 குறிவைக்கும் பொருள் உட்கருவில் இல்லை, அதைச் சுற்றியுள்ள சைட்டோபிளாசத்தில் இருக்கிறது. அதனால் ஏ.என்.ஏ. 'நெகட்டிவ்' என்று வந்தாலும் ஜோ-1 உள்ளே இருக்கலாம். மாடிப்படி ஏற முடியவில்லை, கையைத் தூக்கித் தலை வார முடியவில்லை என்று வருபவரை, ஏ.என்.ஏ. நெகட்டிவ் என்று மட்டும் பார்த்து டாக்டர் அனுப்பிவிட மாட்டார். தசை என்ஸைமான சிபிகே, எம்ஆர்ஐ, தேவைப்பட்டால் தசையில் பயாப்ஸி என்று தொடர்வார்.

முடக்குவாதம்: ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவ் என்றால் தப்பித்தோமா?

நம் ஊரில் மூட்டில் எது வந்தாலும் 'வாதம்'தான். அதில் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்பதை முடக்குவாதம் என்கிறோம். இதற்கு எடுக்கும் ஆர்.ஏ. ஃபேக்டர் பழைய டெஸ்ட். நார்வேயைச் சேர்ந்த எரிக் வாலர் 1940இல் கண்டறிந்தது. பெயரில் ஆர்.ஏ. இருப்பதால் இது முடக்குவாதத்துக்கே உரியது என்று தோன்றும். ஆனால் ஹெபடைட்டிஸ் சி, டிபி, ஷோகிரன் நோய், ஏன், வெறும் முதுமை இருந்தாலும்கூடப் பாசிட்டிவ் வரும்.

பயப்படவைக்கும் பாசிட்டிவைவிட, ஏமாற்றும் நெகட்டிவ்தான் இங்கே ஆபத்து. முடக்குவாதம் உள்ளவர்களில் சுமார் 70 முதல் 80 சதவீதம் பேருக்குத்தான் ஆர்.ஏ. ஃபேக்டர் பாசிட்டிவ். மீதி பேருக்கு நோய் இருக்கும், ரிப்போர்ட்டில் நெகட்டிவ் என்று இருக்கும். "ரிப்போர்ட் நார்மல்தாம்மா, வலி மாத்திரை போட்டுக்கோங்க" என்ற ஒரு வரியில் மாதங்கள் ஓடிவிடும். இந்த நோயில் எலும்பு அரிப்பு ஆரம்பத்திலேயே தொடங்கிவிடும், அரித்தது திரும்ப வளராது. ஆரம்ப மாதங்களிலேயே மருந்தைத் தொடங்கினால் அதைப் பெருமளவு தடுக்க முடியும்.

இதோடு சேர்த்து எடுக்கும் ஆன்டி-சிசிபி டெஸ்ட் இன்னும் நம்பகமானது. அது பாசிட்டிவ் வந்தால் முடக்குவாதமாக இருக்க வாய்ப்பு மிக அதிகம். ஆனால் அதுவும் நெகட்டிவாக இருந்து நோய் இருப்பவர்கள் உண்டு. 2010 வரையறைப்படி முடக்குவாதம் என்று சொல்ல 10க்கு 6 புள்ளி வேண்டும். ஆன்டிபாடிகளுக்கு அதிகபட்சம் 3தான். எத்தனை மூட்டு, எந்த மூட்டு என்பதற்கு 5 வரை உண்டு. அதாவது உங்கள் விரல்களை டாக்டர் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்ப்பது, ஆன்டிபாடி டெஸ்டைவிட அதிக மார்க் வாங்குகிறது.

நம் ஊருக்கு முக்கியமான இன்னொன்று சிக்குன்குனியா. காய்ச்சல் விட்டுப்போய் மாதக்கணக்கில் விரல் மூட்டு, மணிக்கட்டு எல்லாம் வீங்கி வலிக்கும். பார்த்தால் அப்படியே முடக்குவாதம் மாதிரி இருக்கும். எனவே சமீபத்தில் அந்தக் காய்ச்சல் வந்திருந்தால் மறக்காமல் சொல்ல வேண்டும்.

'ஆர்த்ரைட்டிஸ் ப்ரொஃபைல்' என்ற பேக்கேஜில் ஏ.எஸ்.ஓ. என்று ஒன்று வரும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா சமீபத்தில் தொண்டையிலோ தோலிலோ வந்துபோனதன் தடயம் அது. ருமாட்டிக் காய்ச்சல் என்று சந்தேகம் வரும்போதுதான் அது பயன்படும். பெரியவர்களின் நாள்பட்ட மூட்டு வலிக்கு அந்த எண் கூடியிருப்பது பெரும்பாலும் சம்பந்தமே இல்லாத விஷயம்.

விலை குறைந்த டெஸ்ட்தான் பல நேரம் பெரிய விஷயத்தைச் சொல்லும்

ஆன்டிபாடி டெஸ்ட் 'யார் செய்திருக்கலாம்' என்று சொல்லும். 'என்ன சேதம் ஆகியிருக்கிறது' என்று அது சொல்லாது. அதைச் சொல்பவை சாதாரண யூரின் டெஸ்ட், ரத்த அணுக்களின் எண்ணிக்கை, கிரியாட்டினின். லூபஸில் கிட்னி பாதிப்பு வலி இல்லாமலே வரக்கூடியது. யூரினில் புரோட்டீன் போவதுதான் முதல் தடயமாக இருக்கும். ஏ.என்.ஏ. ரிப்போர்ட்டைக் கவலையோடு கையில் வைத்திருப்பவர் உடனே எடுக்க வேண்டிய அடுத்த டெஸ்ட் எது என்றால், முதலில் யூரின் டெஸ்ட் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

கர்ப்பமாக இருந்தால், அல்லது அதற்குத் திட்டமிட்டால்?

ஆரோக்கியமாக இருப்பவரிடம்கூட ஆன்டிபாடி முக்கியமாகிவிடும் இடம் இது. தாயின் ரத்தத்தில் உள்ள ரோ ஆன்டிபாடி நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும். அப்படிப்பட்ட கர்ப்பங்களில் சுமார் 1 முதல் 2 சதவீதத்தில் குழந்தையின் இதயத்துடிப்பின் மின்பாதை பாதிக்கப்படுகிறது. சதவீதம் குறைவுதான், ஆனால் பாதிப்பு பெரியது. அதனால் ரோ பாசிட்டிவ் என்றால் மகப்பேறு மருத்துவரிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். சுமார் 16ஆவது வாரத்திலிருந்து 26ஆவது வாரம் வரை குழந்தையின் இதயத்தை ஸ்கேனில் கவனிப்பார்கள். ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரையும் பரிந்துரைக்கப்படுவது உண்டு. கொரோனா நேரத்தில் செய்திகளில் அடிபட்ட அதே மாத்திரைதான், லூபஸுக்குப் பல வருடங்களாகப் பயன்பாட்டில் இருப்பது.

திரும்பத் திரும்பக் கரு கலைந்தவர்களுக்கும், இளவயதில் ரத்தம் உறைந்தவர்களுக்கும் ஆன்டிபாஸ்போலிப்பிட் ஆன்டிபாடி என்ற வேறு டெஸ்ட் உண்டு. அது பாசிட்டிவ் வந்தால் 12 வாரம் கழித்து மறுபடி எடுத்து உறுதி செய்ய வேண்டும். சாதாரணக் காய்ச்சலில்கூடத் தற்காலிகமாகப் பாசிட்டிவ் காட்டக்கூடியது அது.

யாரிடம் போவது? எதைக் கொண்டுபோவது?

காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரத்துக்கு மேல் விரல்கள் மடங்காமல் விறைத்திருப்பது, ஆறு வாரத்துக்கு மேல் மூட்டு வீக்கம், வெயிலில் போனால் முகத்தில் தடிப்பு, ஆறாத வாய்ப்புண், காரணம் தெரியாத காய்ச்சல், கால் வீக்கத்தோடு யூரினில் நுரை. இவற்றில் எது இருந்தாலும், ரிப்போர்ட் நெகட்டிவாக இருந்தாலும்கூட, ருமட்டாலஜிஸ்ட்டைப் பார்க்க வேண்டும். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இதற்கென்றே தனித் துறை இருக்கிறது. புதுச்சேரி ஜிப்மரிலும் வேலூர் சி.எம்.சி.யிலும் இதற்கான துறைகள் உண்டு. திடீர் மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, வலிப்பு, யூரின் குறைவது என்றால் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காமல் எமர்ஜென்சிக்குப் போய்விடுங்கள்.

போகும்போது கடைசி ரிப்போர்ட்டை மட்டும் எடுத்துப்போக வேண்டாம், பழையவற்றையும் சேர்த்து எடுத்துப்போங்கள். போனில் இருக்கும் படங்களையும்தான். ஃபிரிட்ஜ் தண்ணியைத் தொட்டதும், ஏசி பஸ்ஸில் உட்கார்ந்ததும் விரல் நுனி வெளுத்து, நீலமாகி, பிறகு சிவப்பாகிறது என்றால் அது ரேனாட்ஸ் என்ற அறிகுறி, டாக்டருக்கு ரொம்ப முக்கியமான துப்பு. ஆனால் அப்பாயின்ட்மென்ட் அன்றைக்குப் பார்த்து விரல் நார்மலாக இருக்கும். முகத்தில் வந்த தடிப்பும் அப்படித்தான் மறைந்திருக்கும். அது வரும்போதே ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், தேதியைப் போனே சொல்லிவிடும்.